எட்டு வெள்ளி தொண்ணூறு காசு

சன்னல் இல்லாத அறை முந்நூற்று எண்பது வெள்ளி.
சன்னல் இருந்தால் ஐந்நூற்று இருபது.
ஆக, காற்றுக்கு மாதம் நூற்று நாற்பது என்று
மஸ்ஜித் ஜாமெக்கில் ரயில் மாறும்போது
கைப்பேசியில் கணக்குப் போட்டேன்.
பகலெல்லாம் நான் டயாலிசிஸ் நிலையத்தில்
மற்றவர்களின் இரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிறேன்.
அந்தச் சம்பளத்தில் எத்தனை மூச்சு வாங்கலாம்?

தொலைபேசியில் நான் மீனா.
அடையாள அட்டையில் மீனலோச்சனி,
அதன்பின் இன்னார் மகள்.
மீனா என்றால் சிலர் மலாய்க்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.
கேட்கும்வரை நான் மறுப்பதில்லை.

செராஸில் கேட்டைத் திறந்தவர்
என் முகத்தை ஒருதரம் பார்த்தார்,
பொட்டை ஒருதரம்.
"சோரி, இப்பத்தான் ஆள் வந்தாச்சு."
அவர் முதுகுக்குப் பின்னால் அறை திறந்தே கிடந்தது,
மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

ஜாலான் ஈப்போவில் ஒன்பது ஆண்களுக்கு ஒரே குளியலறை.
கதவுக்குப் பூட்டில்லை, நைலான் கயிறு.
வாடகை எவ்வளவென்று
நான் கேட்கவே இல்லை.

சரி, நம்ம ஆட்களிடமே போவோம் என்று
செந்தூலில் ஒரு மாடிவீடு.
பஞ்சலிங்கம் என்பவர். உட்காரச் சொன்னார்.
ஊர், வேலை, சாப்பாடு சைவமா என்றெல்லாம் விசாரித்துவிட்டு
"தனியாவா?" என்றார்.
ஆமாம்.
"உங்க வீட்டுக்காரர்?"

தமிழில்தான் இந்த வசதி.
வீட்டை வாடகைக்கு விடுபவரும் வீட்டுக்காரர்,
தாலி கட்டியவரும் வீட்டுக்காரர்.
"அவரைத்தான் தேடி வந்திருக்கேன்" என்றேன்.
அடுப்படியில் அவர் மனைவி சிரித்துவிட்டாள்.
அவர் சிரிக்கவில்லை.
அறையும் கிடைக்கவில்லை.

கிள்ளானில் இருக்கும் என் பழைய வீட்டுக்காரர்
வாடகை வாங்கியதே இல்லை,
வேறு விதமாகக் கழித்துக்கொண்டார்.
இதைப் பஞ்சலிங்கத்திடம் சொல்லியிருக்கலாம்.
இரக்கப்பட்டு ஒருவேளை அறை தந்திருப்பார்.
இரக்கத்துக்கும் மாதாமாதம் தேதி வரும்.

பிறகு, காற்பேட்டரிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
மேடம் ஃபூ ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:
"நைட் ஷிப்ட் உண்டா?"
உண்டு.
"அப்ப செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் படியேறணும்.
சமைக்கக் கூடாது. தண்ணி கொதிக்க வைக்கலாம்."
நானூற்று எழுபது. இரண்டு மாத முன்பணம்.
குதிரைப் படம் போட்ட நாள்காட்டித் தாளைக் கிழித்து
பின்புறம் ரசீது எழுதினார்.
என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன்,
முழுப்பெயரை.
இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து எழுதினார்.

சன்னல் உண்டு.
திறந்தால் எதிர்க்கட்டடத்தின் ஏர்கான் பெட்டி.
காற்று வரும், சுடச்சுட வரும்.

கதவுக்கு வெளிப்பூட்டு இருந்தது, உள்தாழ் இல்லை.
மேடம் ஃபூவிடம் எத்தனை சாவி என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
மூலைக்கடையில் தாழ்ப்பாள் எட்டு வெள்ளி தொண்ணூறு காசு.
பேட்டரிக் கடையின் வங்காளதேசத்துப் பையன்
ஸ்குரூடிரைவர் கொண்டுவந்தான்.
படியின் முதல் திருப்பத்திலேயே நின்று
கையை மட்டும் நீட்டிக் கொடுத்துவிட்டு இறங்கினான்.
அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

தாழைக் கதவில் வைத்துப் பார்த்தபோதுதான்
துளைகள் தெரிந்தன.
ஏற்கெனவே நாலு தாழ்ப்பாள்கள் இருந்த தடம்.
ஒன்றைப் பற்பசையால் அடைத்திருந்தார்கள்,
ஒன்றில் தீக்குச்சி முறிந்து நின்றது.
போகும்போது எல்லாரும் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள்.
நியாயம்தான்,
அடுத்த கதவு எப்படியிருக்குமோ.

மேலிருந்து இரண்டாவது துளைகள் எனக்குச் சரியாக வந்தன.
அவளும் என் உயரம்தான் போலிருக்கிறது.
திருகும்போது மரம் கொஞ்சம் உதிர்ந்தது,
ஆனால் பிடித்துக்கொண்டது.

போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன்.
அப்புறம் நாற்காலியையும் இழுத்துக் கதவில் சாய்த்தேன்.
முதல் ராத்திரி அல்லவா.